ஒரு ஃபேன்டஸி ஆர்பிஜியின் விதிகள் எவ்வளவு கனம்? ஆடத் தொடங்கும் முன் அளந்து பார்க்கும் முறை

புது ஆர்பிஜி (ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது பக்க எண்ணிக்கையைத்தான். 600 பக்கம் என்றால் ‘நமக்கு ஆகாது’, 40 பக்கம் என்றால் ‘இன்றைக்கே ஆடிவிடலாம்’. இரண்டு கணிப்பும் பொய்த்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு முதல் நாளே தடையில்லாமல் ஆடிய குழு உண்டு. மெல்லிய புத்தகத்தோடு உட்கார்ந்து, அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் திணறிய மாலையும் உண்டு.

அளக்க வேண்டியது இதுதான்: ஒருவருடைய முறை வரும்போது ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும், அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படியில் எழுதும் குறிப்பு அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

அடிப்படை விதிப் புத்தகம், வெற்று கேரக்டர் ஷீட் (கதாபாத்திரத்தின் எண்களை எழுதும் தாள்) நான்கு, அந்த விளையாட்டுக்கான பகடைகள், பென்சில், கடிகாரம், ஒரு நோட்டு. இவ்வளவு போதும். துணைப் புத்தகங்கள் இப்போது வேண்டாம். அவை தேர்வுகளைக் கூட்டுமே தவிர, அடிப்படை எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டாது.

புத்தகம் வாங்கும் முன்பே அளக்க விரும்பினால் இலவச விதித் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டிஅண்ட்டி) ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. இந்தச் சோதனைக்கு அதுவே போதும்.

நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் குழுவைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள். எத்தனை பேர்? ஒரு அமர்வு எத்தனை மணி நேரம்? எத்தனை பேர் வீட்டிலேயே விதிகளைப் படித்துவிட்டு வருவார்கள்? மூன்றாவது கேள்விக்கு ஆசையை எழுதாமல், இதுவரை நடந்ததை எழுதுங்கள். கடைசி முடிவு அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கப்போகிறது.

2. அடிப்படை உருட்டலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். ‘ஒருவர் ஏதாவது செய்ய முயன்றால் அது பலித்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள். அந்தப் பதிலை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள்.

ஐந்தாம் பதிப்பு டிஅண்ட்டி (இங்கே எங்கும் அதன் 2014 விதிகள்) என்றால்: ‘20 முகப் பகடையை உருட்டு, திறன் மாடிஃபையரைக் (திறனுக்கு ஏற்பச் சேரும் சிறு எண்) கூட்டு, பயிற்சி இருந்தால் அதன் போனஸையும் கூட்டு, இலக்கு எண்ணைத் தொட்டால் வெற்றி.’ டன்ஜன் வேர்ல்டு என்ற வேறொரு ஆர்பிஜி என்றால்: ‘இரண்டு 6 முகப் பகடை, கூடவே மாடிஃபையர்; 10-உம் அதற்கு மேலும் முழு வெற்றி, 7 முதல் 9 வரை ஏதாவது சிக்கலோடு வெற்றி, 6-உம் அதற்குக் கீழும் என்றால் கேம் மாஸ்டர் நிலைமையை மோசமாக்குவார்.’

வாக்கியம் எழுதியதும் மூன்றைச் சோதியுங்கள்.

சண்டை, மந்திரம், பதுங்கல், பூட்டுத் திறப்பு எல்லாம் இதே உருட்டலில்தான் நடக்கின்றனவா? 1981-இன் டிஅண்ட்டி பேசிக் விதிகளில் தாக்குதலுக்கு 20 முகம், கதவில் காது வைத்துக் கேட்க 6 முகம், திருடன் பூட்டைத் திறக்க நூற்றுக்கு இத்தனை என்று சதவீத உருட்டல். தனித்தனியாக எடுத்தால் எல்லாம் சுலபம். ஆனால் புதியவர் ஒவ்வொரு முறையும் ‘எந்தப் பகடை?’ என்று கேட்பார். அந்தக் கேள்வி எத்தனை தடவை வரும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் கூடினால் எப்போதும் நல்லதா? 1989-இன் ஏடிஅண்ட்டி (டிஅண்ட்டியின் ‘அட்வான்ஸ்டு’ வடிவம்) இரண்டாம் பதிப்பில் ஆர்மர் கிளாஸ் (கவசத்தின் எண்) குறையக் குறையத்தான் கவசம் பலம். தாக்கோ (ஆர்மர் கிளாஸ் 0-ஐத் தாக்கத் தேவையான எண்) 17 உள்ளவர் ஆர்மர் கிளாஸ் 3-ஐத் தாக்க 14 வேண்டும். ஆர்மர் கிளாஸ் -2 என்றால் 19 வேண்டும். கழித்தல் கணக்கு ஒன்றும் கடினமில்லை. பகடையில் உயர்ந்த எண்ணும் கவசத்தில் தாழ்ந்த எண்ணும் நல்லது என்ற திசை மாற்றம்தான் ஆளைக் களைப்பாக்கும்.

ஷீட்டில் ஒரே விஷயத்துக்கு இரண்டு எண்கள் இருக்கின்றனவா? டிஅண்ட்டியில் வலிமை 16 என்றால் மாடிஃபையர் +3. ஒரு முறை புதியவர் ஒருவர் 9 உருட்டிவிட்டு ‘இருபத்தைந்து!’ என்று முகம் மலரச் சொன்னார். பெரிய எழுத்தில் இருந்த 16-ஐக் கூட்டியிருந்தார். அவர் மீது தவறில்லை. ஆட்டத்தில் அபூர்வமாகவே பயன்படும் எண் ஷீட்டில் அவ்வளவு பெரிதாக நின்றால் யாரும் அதைத்தான் எடுப்பார்கள்.

3. பக்கங்களைப் பிரித்து எண்ணுங்கள்

பொருளடக்கத்தை வைத்து மூன்று கூறாகப் பிரியுங்கள்: எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விதி, தேவைப்படும்போது புரட்டும் பட்டியல், கதை உலகம். ஐந்தாம் பதிப்பின் 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 320 பக்கம். அதில் சுமார் 80 பக்கம் மந்திரப் பட்டியலும் விளக்கமும் மட்டுமே. மந்திரம் போடாத ஃபைட்டர் (போர்வீரன்) ஆடுபவர் அதைத் திறக்கவே வேண்டியதில்லை. இன்னொரு ஆர்பிஜியான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் 2019 அடிப்படைப் புத்தகம் 640 பக்கம். அதிலும் பெரும்பங்கு பட்டியல்தான்.

முதல் கூறு எத்தனை பக்கம் என்பதை மட்டும் எழுதிக்கொண்டு நகருங்கள். இதற்கு 15 நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

4. கடிகாரம் வைத்து மூன்று கேரக்டர் செய்யுங்கள்

முதலில், புத்தகம் எளிது என்று சொல்லும் கேரக்டர். இரண்டாவது, மந்திரம் போடும் கேரக்டர். மூன்றாவது, முதலில் செய்ததையே புத்தகத்தை மூடிவிட்டு மறுபடியும். மூன்றுக்கும் நேரத்தைக் குறியுங்கள். முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம், இந்த விளையாட்டு எவ்வளவு சீக்கிரம் கைவசமாகும் என்பதைக் காட்டும். முதல் தடவை நேரம் நிறைய ஆனாலும் மூன்றாவதில் பாதியாகக் குறைந்தால் கவலை வேண்டாம். குறையவே இல்லை என்றால் விதிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கிடக்கின்றன என்று பொருள்.

நேரத்தைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு தேர்வின் பக்கத்திலும் ‘இது ஆட்டத்தில் என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியுமா?’ என்று கேட்டு, தெரியாவிட்டால் ஒரு புள்ளி வையுங்கள். முதல் அமர்விலேயே புதியவர் சோர்ந்துபோவது பெரும்பாலும் இந்தப் புள்ளிகளால்தான்.

ஐந்தாம் பதிப்பின் லெவல் 1, அதாவது தொடக்க நிலை விசார்டை (மந்திரவாதி) பாருங்கள். கேன்ட்ரிப் (எத்தனை தடவையும் போடக்கூடிய சிறு மந்திரம்) 3 எடுக்க வேண்டும். சுமார் 30 முதல் லெவல் மந்திரங்களிலிருந்து 6-ஐ மந்திர நூலில் எழுத வேண்டும். புத்திக்கூர்மை 16 என்றால் அந்த ஆறிலிருந்து 4-ஐ அன்றைக்குத் தயார் செய்ய வேண்டும். ஆனால் ஸ்லாட், அதாவது அன்றைக்கு மந்திரம் போடும் வாய்ப்பு, இரண்டுதான். எழுதியது, தயார் செய்தது, போடக்கூடியது என்று மூன்று அடுக்கு. அதற்கு மேல், ‘லெவல்’ என்ற ஒரே சொல் கேரக்டருக்கும் மந்திரத்துக்கும் தனித்தனிப் பொருளில் வருகிறது. லெவல் 3 விசார்ட் போடுவது இரண்டாம் லெவல் மந்திரம். இதில் தடுமாறாத புதியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்தப் படியில் பலர் செய்யும் பிழை, கேரக்டரை ஆப்பில் செய்துவிடுவது. ஆப் எண்களைத் தானாக நிரப்பிவிடும். நீங்கள் அளக்க வந்த சுமையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். முதலில் பென்சிலில் செய்யுங்கள், ஆப் பிறகு இருக்கட்டும்.

5. தனியாக உட்கார்ந்து மூன்று சுற்று சண்டை போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நீங்கள் செய்த இரண்டு கேரக்டர்களையும் எதிரில் மூன்று கோப்ளினையும் (குட்டி அரக்கர்) நிறுத்துங்கள். மூன்று சுற்று (எல்லோருக்கும் ஒரு முறை வந்து போவது ஒரு சுற்று) முழுதாக, எதையும் ‘சரி, தெரியும்’ என்று தாண்டாமல் ஆடுங்கள். மூன்று சுற்று ஏன்? முதல் சுற்றில் புத்தகம் புரட்டுவதே ஓடிவிடும். மூன்றாவதில்தான் உண்மையான வேகம் தெரியும்.

ஒவ்வொரு முறைக்கும் நோட்டில் நான்கு எண்ணிக்கை எழுதுங்கள்: எத்தனை உருட்டல், எத்தனை கணக்கு, எத்தனை முடிவு, அடுத்த முறை வரை எத்தனை விஷயம் நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்தாம் பதிப்பில் ஃபைட்டர் ஒரு கோப்ளினை வெட்டுவதை விரித்துப் பார்ப்போம். வலிமை +3, பயிற்சி போனஸ் +2, ஆக +5. பகடையில் 11 விழுகிறது, மொத்தம் 16. கோப்ளினின் ஆர்மர் கிளாஸ் 15, ஆகவே அடி விழுந்தது. நீண்ட வாளுக்கு 8 முகப் பகடை. 4 விழுந்து +3 சேர்ந்து 7. கோப்ளினுக்கு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 7, கதை முடிந்தது. உருட்டல் 2, கணக்கு 3, முடிவு 1, நினைவு 0. லேசான முறை.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் அதே ஃபைட்டருக்கு ஒரு முறையில் மூன்று ஆக்‌ஷன். இரண்டாவது அடிக்கு -5, மூன்றாவதுக்கு -10. இலக்கைவிட 10 கூடுதலாக விழுந்தால் கிரிட்டிகல் (கூடுதல் சேதம் தரும் அடி), ஆகவே ஒவ்வொரு உருட்டலையும் இரண்டு எண்களோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவது ஆக்‌ஷனில் இன்னொரு தடவை வீசுவதா, விலகிப்போவதா, கேடயத்தை உயர்த்துவதா என்ற முடிவும் சேர்கிறது. கணக்கு கூடியதோடு முடிவும் கூடியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். கணக்கு கூடினால் ஆட்டக்காரருக்கு அலுப்பு வரும். நல்ல முடிவு கூடினால் பலருக்கு அதுதான் ஆட்டத்தின் சுவை.

எதிர்முனையில் இன்டு தி ஆட் என்ற ஆர்பிஜி இருக்கிறது. அங்கே அடி விழுந்ததா என்ற உருட்டலே கிடையாது. நேராக டேமேஜ் (சேதம்) பகடை, அதிலிருந்து கவசத்தைக் கழித்தால் முடிந்தது.

நான்காவது எண்ணிக்கையான நினைவைப் பெரும்பாலோர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அதன் எடையைக் காட்ட ஐந்தாம் பதிப்பின் பிளெஸ் என்ற ஒரே மந்திரம் போதும். மூன்று பேருக்குப் போடலாம். ஒரு நிமிடம் வரை, அதாவது பத்து சுற்று வரை, அந்த மூவரும் தாக்கும்போதும் சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்பும் உருட்டல்) போடும்போதும் 4 முகப் பகடை ஒன்றைச் சேர்த்து உருட்ட வேண்டும். மந்திரம் போட்டவர் கான்சன்ட்ரேஷனில் (கவனம் கலைந்தால் மந்திரம் போய்விடும் நிலை) இருக்கிறார் என்பதை அவரும் மறக்கக்கூடாது, கேம் மாஸ்டரும் மறக்கக்கூடாது. அவர் மீது அடி விழுந்தால் இலக்கு 10, அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, எது பெரிதோ அதற்கு எதிராக உருட்ட வேண்டும். முதல் லெவல் மந்திரம் ஒன்று ஐந்து பேர் தலையில் ஆளுக்கொரு நினைவை ஏற்றுகிறது. எல்லோரும் உருட்டி முடித்து, அடுத்தவர் முறையும் பாதி ஓடியபின் ‘அய்யோ, பிளெஸ் சேர்க்க மறந்துட்டேன்’ என்ற குரல் வரும். உங்கள் சோதனைச் சண்டையிலேயே இது நடந்தால் அந்தச் சுற்றுக்கு எதிரே ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

கடைசியாக நேரத்தைப் பெருக்கிப் பாருங்கள். நான்கு ஆட்டக்காரர், ஆளுக்கு 2 நிமிடம், கேம் மாஸ்டருக்கு 2 நிமிடம் என்றால் ஒரு சுற்று 10 நிமிடம், நான்கு சுற்றுச் சண்டை 40 நிமிடம். முறை ஒன்றுக்கு ஒரே ஒரு நிமிடம் கூடினால் அதே சண்டை ஒரு மணி நேரம். உங்கள் அமர்வு மூன்று மணி நேரம்தான் என்று முதல் பக்கத்தில் எழுதியிருப்பீர்களே, அதோடு வைத்துப் பாருங்கள்.

6. அபூர்வமான நான்கு சூழ்நிலையைக் கேளுங்கள்

யாராவது எதிரியைக் கட்டிப்பிடித்து மடக்க நினைக்கிறார். யாரோ இருட்டில் ஒளிகிறார். ஒருவர் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறார். ஒருவர் நண்பன் தோளுக்கு மேலாக அம்பு விடுகிறார். நான்குக்கும் விடையைப் புத்தகத்தில் தேடுங்கள். எத்தனை நிமிடம், எத்தனை பக்கம் என்று குறியுங்கள்.

டிஅண்ட்டி 3.5-இல் மடக்குவதற்கு முதலில் எதிரிக்கு ஒரு இலவச அடி வாய்ப்பு, பிறகு தொடு தாக்குதல், பிறகு இருவரும் எதிரெதிராக உருட்டும் கிராப்பிள் சோதனை, பிறகு எதிரி நிற்கும் இடத்துக்குள் நகர்தல். உருவத்தின் அளவு ஒவ்வொரு படி மாறும்போதும் 4 கூடும் அல்லது குறையும். 2014-இன் ஐந்தாம் பதிப்பில் அதே காரியம் ஒரு தாக்குதலுக்குப் பதிலாக ஒரே ஒரு எதிரெதிர் உருட்டலில் முடிந்துவிடும். தலைமுறை தாண்டியும் ஆட்டக்காரர்கள் கிராப்பிள் என்றாலே பெருமூச்சு விடுவதற்கு அந்தப் பழைய விதிதான் காரணம்.

புத்தகத்தில் விடையே இல்லை என்றால் குறை என்று எழுதிவிடாதீர்கள். இரண்டாம் படியில் எழுதிய வாக்கியத்தை வைத்து நீங்களே ஒரு விடை சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த விளையாட்டு நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது.

7. சுமை யார் தலையில்?

மெல்லிய புத்தகங்கள் ஏமாற்றும் இடம் இது. டன்ஜன் வேர்ல்டில் தாக்குதலுக்காக கேம் மாஸ்டர் பகடையைத் தொடுவதே இல்லை. மான்ஸ்டருக்குத் தனி முறையும் கிடையாது. எண்ணளவில் மிக லேசு. ஆனால் ஆட்டக்காரர் ஒவ்வொரு தடவை 7, 8, 9 உருட்டும்போதும் என்ன சிக்கல் வருகிறது என்பதை கேம் மாஸ்டர் அந்த நொடியில் சொல்லியாக வேண்டும். மாடிஃபையர் இல்லாமல் உருட்டினாலே 36-இல் 15 தடவை அந்த விடைதான் வரும். பழகியவருக்கு அது இன்பம். முதல் தடவை நடத்துபவருக்குக் கூட்டல் கழித்தலைவிட அது கனம். அப்படித் திணறிய ஒருவர் இரண்டு மணி நேரத்தில் குரல் வற்றி உட்கார்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

தடித்த விதிகள் பல நேரம் கேம் மாஸ்டரைக் காப்பாற்றுகின்றன. என்ன நடக்கும் என்பதைப் புத்தகமே சொல்லிவிடுகிறது. ஆனால் மான்ஸ்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: ஆட்டத்தை நடத்தத் தேவையான எல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே இருக்கிறதா? 2014-இன் மான்ஸ்டர் மேனுவலில் மேஜ் என்ற மந்திரவாதி எதிரிக்கு மந்திரங்களின் பெயர் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று வேறொரு புத்தகத்தில் தேட வேண்டும். சண்டை நடுவே இரண்டு புத்தகம் புரட்டுவது ஆட்டத்தின் மூச்சையே நிறுத்திவிடும்.

நோட்டில் கேம் மாஸ்டருக்கு இரண்டு வரி: மேசையில் சுமை எவ்வளவு, வீட்டில் தயாரிப்பு எவ்வளவு.

8. லெவல் 5-க்குப் போய்ப் பாருங்கள்

லெவல் 1-இல் அளந்துவிட்டு ‘எளிது’ என்று முடிவு செய்வது நான் அதிகம் பார்க்கும் பிழை. லெவல் 1-இல் இரண்டு ஸ்லாட் வைத்திருந்த அதே விசார்டுக்கு லெவல் 5-இல் ஸ்லாட் 9, மூன்று வெவ்வேறு மந்திர லெவலில் பிரிந்து கிடக்கும். நூலில் குறைந்தது 14 மந்திரம். முறை வரும்போது விரியும் பட்டியல் வேறு அளவுக்குப் போய்விட்டது.

ஒரே கிளாஸுக்குள்ளும் (கேரக்டர் வகை) கனம் மாறும். ஃபைட்டர் லெவல் 3-இல் சாம்பியன் என்ற உட்பிரிவை எடுத்தால், 19 விழுந்தாலும் கிரிட்டிகல் என்பதுதான் முக்கிய மாற்றம். பேட்டில் மாஸ்டர் என்ற உட்பிரிவை எடுத்தால் மூன்று மனூவர் (சண்டை உத்தி), நான்கு 8 முகப் பகடை, அவற்றை எப்போது செலவழிப்பது என்ற யோசனை. எண்களில் நாட்டமில்லாத நண்பரைக் குழுவில் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி: அவருக்கு லேசான இடம் ஒன்று இருக்கிறது. அப்படி ஓர் இடம் நீங்கள் அளக்கும் விளையாட்டில் உண்டா என்று பெயரோடு எழுதி வையுங்கள்.

9. இரண்டு புதியவர்களை உட்கார வையுங்கள்

இதுவரை அளந்தது உங்கள் தலை. இனி வேறு இரண்டு தலை வேண்டும். தயார் கேரக்டர் கொடுத்து, பத்து நிமிடம் மட்டும் விளக்கி, ஒரு மணி நேரம் ஆட விடுங்கள்.

அவர்கள் கேட்கும் கேள்விகளை அப்படியே எழுதுங்கள். ‘எந்தப் பகடை?’, ‘எதைக் கூட்டணும்?’ போன்றவை முதல் அரை மணியில் வந்து பிறகு நின்றால் சரி. கடைசிப் பத்து நிமிடத்திலும் வந்தால் அந்த விதி அவர்களுக்குப் பிடிபடவில்லை. ‘நான் அந்த விளக்கை உதைச்சு எண்ணெயைக் கொட்டலாமா?’ என்ற மாதிரிக் கேள்வி எப்போது முதலில் வருகிறது என்று நேரம் குறியுங்கள். அந்த நிமிடத்தில் அவர் ஷீட்டை விட்டுக் கண்ணை எடுத்துக் கதைக்குள் வந்துவிட்டார். நான் இந்த நேரத்தைத்தான் மற்ற எல்லா எண்களைவிடவும் நம்புகிறேன்.

தவறாக ஆடினால் உடனே திருத்தாதீர்கள். திருத்தினால் உங்கள் அறிவை அளந்ததாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னால் போதும்.

10. முடிவை நான்கு வரியில் எழுதுங்கள்

தொடக்கச் சுமை, முறைக்கு முறை சுமை, கேம் மாஸ்டர் சுமை, லெவல் ஏறும்போது கூடும் சுமை. ஒவ்வொன்றுக்கும் லேசு, நடுத்தரம், கனம் என்ற மூன்றில் ஒன்று. நான்கையும் சேர்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடாதீர்கள். தொடக்கத்தில் கனமாகவும் முறைக்கு முறை லேசாகவும் இருப்பது ஒரு வகை, அதன் நேர்மாறு வேறொரு வகை. இரண்டுக்கும் 6 என்று போட்டால் உங்களுக்கு எதுவும் தெரியாது.

பிறகு நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். வீட்டில் படிப்பவர் ஒருவர்தான் என்றால், தொடக்கச் சுமை கனமாக இருந்தாலும் அவரே எல்லோருக்கும் கேரக்டர் செய்து தந்து சமாளித்துவிடலாம். முறைக்கு முறை சுமை கனம் என்றால் முடியாது. ஐந்து பேருக்கும் அவரே ஒவ்வொரு நிமிடமும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். முதல் தடவை நடத்தும் கேம் மாஸ்டர் என்றால் மூன்றாவது வரி நடுத்தரத்தைத் தாண்டக்கூடாது. நீண்ட தொடர் ஆட்டம் திட்டமிட்டால் நான்காவது வரியை முதலில் படியுங்கள். ஒரே மாலைக்கு என்றால் அதைப் பார்க்கவே வேண்டாம்.

மூன்று அமர்வு ஆடிய பிறகு இதே நோட்டை மறுபடி திறந்து, யாரும் சொல்லாமலேயே கைவிட்டுப்போன விதிகளை அடியுங்கள். முதலில் போவது பெரும்பாலும் எடைக் கணக்காக இருக்கும். ஐந்தாம் பதிப்பில் வலிமையை 15-ஆல் பெருக்கினால் வரும் பவுண்டு எடை வரை சுமக்கலாம், வலிமை 16 என்றால் 240. நான் ஆடிய குழுக்களில் இரண்டாவது அமர்வுக்குப் பிறகு கயிற்றின் எடையை யாரும் எழுதியதில்லை. அடித்தது போக மிஞ்சிய விதிகளை வைத்து நான்கு வரியையும் திருத்தி எழுதுங்கள். அடுத்து யாராவது ‘இந்த கேம் கஷ்டமா?’ என்று கேட்டால், அந்தத் திருத்திய பக்கத்தைக் காட்டுங்கள்.